மும்பை சொசைட்டிக்குக் குடிவருகிறவர்களுக்கு: செக்ரட்டரியின் வாய்ச்சொல்லைக் காகிதத்தில் ஏற்றுவது எப்படி

1999ஆம் ஆண்டு, செம்பூர். தரகர் காட்டிய வீடு எனக்கும் என் மனைவிக்கும் பிடித்துப்போயிற்று. கிழக்கு பார்த்த பால்கனி, காலையில் இரண்டு மணி நேரம் தண்ணீர், ரயில் நிலையம் நடக்கிற தூரம். கீழே இறங்கி சொசைட்டியின், அதாவது அந்தக் கட்டடத்துக் கூட்டுறவுச் சங்கத்தின், செக்ரட்டரியைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பதுதான் பாக்கி. அவர் என் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் மீன் சமைப்பீர்களா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சமைப்போம் என்றேன். "அந்த வீடு போய்விட்டதே" என்றார். வீட்டுச் சாவி தரகரின் சட்டைப்பையில் இருந்தது. அதன் வளையம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. செக்ரட்டரி அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மற்றதெல்லாம் மறந்துபோய்விட்டது, அந்த நன்றி மட்டும் இன்னும் உறுத்துகிறது.

அதன்பிறகு வாடகைக்கும் சொந்தத்துக்குமாக ஐந்து சொசைட்டிகளில் இருந்தாயிற்று. ஒன்றில் கமிட்டியிலும் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது ஒன்று. சொசைட்டிகளின் அடாவடி முழுவதும் வாயால்தான் நடக்கிறது. "கமிட்டி ஒத்துக்கொள்ளாது", "இங்கே ரூல் அப்படி", "உங்கள் ஆட்களுக்குக் கொடுப்பதில்லை" என்பதையெல்லாம் எவரும் எழுதித் தருவதில்லை. எழுதினால் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே அவர்களை எழுத வைப்பதும், அது முடியாவிட்டால் நாமே எழுதிவைப்பதும்தான் நம் வேலை. எப்படி என்று சொல்கிறேன்.

யார் எதற்கு அதிகாரி

சென்னை அடுக்குமாடியில் நிலத்தில் உங்களுக்கென்று பிரிக்கப்படாத ஒரு பங்கு பத்திரத்தில் இருக்கும். மும்பையில் பெரும்பாலான கட்டடங்கள் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்கள். நிலமும் கட்டடமும் சொசைட்டிக்குச் சேர வேண்டியவை. உறுப்பினர் கையில் இருப்பது பங்குச் சான்றிதழும் அந்த வீட்டை வைத்திருக்கும் உரிமையும். செக்ரட்டரிகளுக்கு ஜமீன்தார் தோரணை வருவதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஜமீன் அவருடையது அல்ல.

சொசைட்டியை ஆள்வது 1960ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். வீட்டுவசதிச் சங்கங்களுக்கென்றே 2019இல் அதில் 13-பி என்ற அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அதற்குக் கீழே துணைவிதிகள். அரசு 2014இல் வெளியிட்ட மாதிரித் துணைவிதிகளைப் பெரும்பாலான சொசைட்டிகள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்கள் சொசைட்டி எதை ஏற்றுப் பதிவு செய்திருக்கிறதோ அதுதான் செல்லும் என்பதால், குடிவந்த முதல் மாதமே அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். கதவு எண்ணுக்குப் பெயர்ப்பலகை செய்வது அப்புறம் இருக்கட்டும்.

செக்ரட்டரி, சேர்மன், பொருளாளர் எல்லோரும் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்படும் கமிட்டியின் ஆட்கள். கமிட்டிக்கு மேலே பொதுக்குழு, அதாவது எல்லா உறுப்பினர்களும். அதற்கு வெளியே, வார்டு வாரியாக உட்கார்ந்திருக்கும் கூட்டுறவுத் துணைப் பதிவாளர். செக்ரட்டரி தன்னந்தனியாக ஒரு விதியையும் போட முடியாது. மின்தூக்கிக்குப் பக்கத்தில் அவர் ஒட்டும் காகிதம், பொதுக்குழுத் தீர்மானம் பின்னால் இல்லையென்றால், வெறும் காகிதம்தான்.

சில பெரிய வளாகங்கள் மட்டும் 1970ஆம் ஆண்டின் அடுக்குமாடி உடைமைச் சட்டத்தின்கீழ் காண்டோமினியமாக, அதாவது வீடு வாங்கியவர் பெயரிலேயே இருக்கும் முறையில், பதிவானவை. அங்கே விதிகள் வேறு. எது என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகைக்கு வருகிறவர்கள்

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். மதம், சாதி, மொழி, சாப்பாடு ஆகியவற்றைக் காட்டி ஒரு தனியார் தம் வீட்டை வாடகைக்குத் தர மறுப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் நாட்டில் இல்லை. அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்வது முதன்மையாக அரசைப் பார்த்து. பார்சிகளுக்கு மட்டுமே உறுப்பினர் உரிமை என்று வைத்திருந்த அகமதாபாத் சொசைட்டி ஒன்றின் துணைவிதியை 2005இல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொல்லிவிட்டது. ஆனால் எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு வீடு மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் பெயர் சொல்லியே தடை செய்கின்றன. மற்றவர்களுக்கு இன்னும் அந்த வரி எழுதப்படவில்லை.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். "மறுப்பது யார், வீட்டுக்காரரா சொசைட்டியா?" என்று தரகரிடம் முதலில் கேளுங்கள். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் அடுத்த வீட்டைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார், சொசைட்டிதான் தடுக்கிறது என்றால், மாதிரித் துணைவிதிகளின்படி அந்தத் தடைக்குக் கால் கிடையாது. உறுப்பினர் தம் வீட்டை வாடகைக்கு விடச் சொசைட்டியின் அனுமதி தேவையில்லை. எட்டு நாட்களுக்கு முன்பு தகவல் கொடுத்து, ஒப்பந்த நகலையும் காவல் நிலையத்துக்குத் தெரிவித்ததற்கான நகலையும் கொடுத்தால் போதும். வாடகைக்காரரை நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. சம்பளம் என்ன, கல்யாணம் எப்போது, அசைவம் உண்டா என்று மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்து கேட்பார்கள். பெண் பார்க்கும் படலம் தோற்றது. துணைவிதிகளில் அப்படி ஒரு தேர்வு இல்லை.

ஆகவே வீட்டுக்காரரை ஒரே ஒரு கடிதம் எழுத வைப்பதுதான் முதல் படி. "இன்ன தேதி முதல் என் வீட்டில் இன்னார் குடியிருப்பார்கள், நகல்கள் இணைத்துள்ளேன்" என்று தகவல் கடிதமாகவே இருக்கட்டும். "அனுமதி வேண்டுகிறேன்" என்ற சொல் அதில் வரவே கூடாது. அனுமதி கேட்டால் மறுக்கலாம். தகவலை எப்படி மறுப்பது?

ஒப்பந்தம் பற்றி ஒரு சொல். 11 மாதம்தானே, பதிவு எதற்கு என்று சொல்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் 1999ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 55ஆவது பிரிவின்படி லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் (இங்கே வாடகைக்கு வழக்கமாகப் போடுவது) எத்தனை மாதத்துக்கானாலும் பதிவாக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பதிவாகாமல் இருந்து தகராறு வந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை, நிபந்தனைகள் பற்றி வாடகைக்காரர் சொல்வதே எடுத்துக்கொள்ளப்படும். இதை மெதுவாக அவர் காதில் போடுங்கள், மறுநாளே பதிவுக்கு ஆள் வருவார். குடியிருக்கப்போகிற எல்லோருடைய பெயரையும் ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். பெயர் இல்லாத தம்பியை "வெளியாள்" என்று வாசலில் நிறுத்துவது சொசைட்டிகளின் பழைய வித்தை.

எங்கள் கட்டடத்தில் கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். ஒருத்தியின் அண்ணன் இரவு ரயிலில் வந்து இறங்கியிருக்கிறார். பத்து மணிக்கு மேல் ஆண்கள் மேலே போகக்கூடாது என்று வாட்ச்மேன் நிறுத்திவிட்டார். வாட்ச்மேனோடு சண்டை போடவில்லை அந்தப் பெண்கள். (போடவும் கூடாது. பன்னிரண்டு மணி நேர வேலை பார்க்கிற அவரைத்தான் செக்ரட்டரி முன்னால் நிறுத்திவைத்திருக்கிறார்.) மறுநாள் காலை செக்ரட்டரிக்கு மூன்று வரி எழுதினார்கள்: "நேற்று இரவு 10.40க்கு என் அண்ணன் வாசலில் தடுக்கப்பட்டார். இந்த நேரக் கட்டுப்பாடு எந்தப் பொதுக்குழுத் தீர்மானத்தின்படி விதிக்கப்பட்டது, அதன் தேதி என்ன? இது குடும்பமாக வசிப்பவர்களின் விருந்தினருக்கும் பொருந்துமா?" பதில் வரவில்லை. ஆனால் வாசலில் ஒட்டியிருந்த காகிதம் அந்த வாரமே காணாமல்போனது. மூன்றாவது கேள்விதான் கத்தி என்பது என் கணிப்பு.

கடிதம் எழுதுவது

எல்லாவற்றுக்கும் இதுதான் மையம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு சம்பவத்துக்கு ஒரு கடிதம். பழைய புண்களையெல்லாம் ஒரே கடிதத்தில் கொட்டினால், செக்ரட்டரி எளிதான ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கடினமானதை விழுங்கிவிடுவார். தேதி, நேரம், இடம், சொன்னவர், சொன்ன வார்த்தை, அதன் விளைவு, உங்கள் கேள்வி. அவ்வளவுதான், ஒரு பக்கத்துக்குள். "பாகுபாடு", "சர்வாதிகாரம்" போன்ற சொற்களை முதல் கடிதத்தில் போடாதீர்கள். கோபம் நியாயமானதாகவே இருக்கலாம், ஆனால் துணைப் பதிவாளரின் மேசையில் இந்தக் கடிதம் ஒரு நாள் விரிக்கப்படும்போது, அதில் குளிர்ந்த தலையோடு எழுதியவர் நீங்களாக இருக்க வேண்டும்.

வாயால் சொன்னதைக் காகிதத்தில் ஏற்றுகிற வழி இது. செக்ரட்டரி படிக்கட்டில் நிறுத்தி ஏதோ சொல்கிறார் என்று வையுங்கள். கேட்டுக்கொண்டு மேலே வந்து, அரை மணி நேரத்துக்குள் அவருக்கு மின்னஞ்சலோ வாட்ஸ்அப் செய்தியோ அனுப்புங்கள்: "இன்று மாலை 7 மணிக்கு, என் வீட்டுக்கு வேலைக்கு வரும் அம்மா முன்பக்க மின்தூக்கியைப் பயன்படுத்தக்கூடாது என்று சொன்னீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உறுதிப்படுத்துங்கள்." அவர் ஆம் என்றால் எழுத்தில் கிடைத்துவிட்டது. இல்லை என்றால் தடை போய்விட்டது. மௌனமாக இருந்தால் உங்கள் செய்தி தேதியோடு நிற்கிறது. மூன்றிலும் நமக்கு நஷ்டமில்லை.

கடிதத்தைக் கையில் கொடுக்கும்போது இரண்டு படி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் படியில் சொசைட்டி முத்திரை, கையெழுத்து, தேதி, ஆவக் எண் வேண்டும். ஆவக் என்பது மராத்தியில் உள்வரும் தபால், அனுப்புவது ஜாவக். மகாராஷ்டிர அரசு அலுவலகங்கள் எல்லாம் இந்த இரண்டு பதிவேடுகளின் மேல்தான் நடக்கின்றன. பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைக்குப் "போச்" என்று பெயர். "போச் வேண்டும்" என்று சொல்லிப் பழகுங்கள். அந்த ஒரு சொல்லிலேயே, இந்த ஆள் அலுவலகம் கண்டவர் என்று எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

முத்திரை கிடைப்பது சுலபமல்ல. முலுண்டில் நான் இருந்த சொசைட்டியில் முத்திரை செக்ரட்டரி வீட்டுப் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் இருக்கும். மாலை விளக்கேற்றிய பிறகு அலமாரியைத் திறக்கக்கூடாது என்பது அவர் வைத்திருந்த நியதி. நானோ மாலையில்தான் வேலையிலிருந்து வருவேன். மூன்று மாலை அலைந்தேன். நான்காம் நாள் ஸ்பீடு போஸ்டில் சொசைட்டியின் பதிவு முகவரிக்கு அனுப்பிவிட்டு, ரசீதையும் தபால் சேர்ந்த விவரத்தையும் கோப்பில் வைத்தேன். அதற்கடுத்த கடிதத்துக்கு அவரே கூப்பிட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். விரல் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது. அது என் கடிதத்திலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் படி இன்னும் என்னிடம் இருக்கிறது.

கடிதம் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இருக்கலாம். மராத்தியில் எழுத முடிந்தால் பாதி மரியாதை முன்கூட்டியே வந்துவிடும். தாதர் பக்கத்தில் தட்டச்சு செய்து கொடுப்பவர்களைக் கேட்டால் எழுதித் தருவார்கள்.

பணத்தில் கைவைக்கும்போது

வெறுப்பு பல சமயம் பில்லாக வரும். "இவர்களை வரவிடாதே" என்று சொல்ல முடியாத இடத்தில் "இவர்களிடம் கூடுதலாக வாங்கு" என்பார்கள். ஆகவே எண்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால் சொசைட்டி வாங்கும் கூடுதல் கட்டணம், சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. மாநகராட்சி வரிகள் இந்தக் கணக்கில் சேராது. 2001 ஆகஸ்ட் 1 தேதியிட்ட அரசு உத்தரவு இது. சேவைக் கட்டணம் 3,000 ரூபாய் என்றால் கூடுதல் 300 ரூபாய், அவ்வளவே. ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, கேட்க ஆளில்லாததால்.

வீடு வாங்கும்போது உறுப்பினர் உரிமையை மாற்றுவதற்கான பிரீமியம், மாநகராட்சிப் பகுதிகளில் அதிகபட்சம் 25,000 ரூபாய். குடும்பத்துக்குள் அல்லது வாரிசுக்கு மாற்றினால் பிரீமியமே கிடையாது. இதைத் தவிர மாற்றக் கட்டணம் 500 ரூபாய், நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். "கட்டட நிதிக்கு நன்கொடை" என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். கட்டாயப்படுத்தி வாங்கும் நன்கொடைக்கு நன்கொடை என்று பெயரில்லை. அப்படிக் கேட்டால், "எழுத்துமூலம் கோரிக்கை கொடுங்கள், ரசீதும் வேண்டும்" என்று சொல்லிவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைப் பாருங்கள்.

என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, விவகாரம் இன்னொன்று. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் செக்ரட்டரி உட்கார்ந்துகொண்டு, "என்ஓசி தர மாட்டேன்" என்று மிரட்டுவார். வாங்குபவர் முஸ்லிமாகவோ, அவருக்குப் பிடிக்காத வேறு யாராகவோ இருந்தால் இது நிச்சயம். உறுப்பினர் உரிமையை மாற்ற சொசைட்டியின் என்ஓசி தேவையில்லை என்று மாதிரித் துணைவிதிகளே சொல்கின்றன. வங்கிக் கடனுக்குக் கேட்பார்கள் என்பது உண்மைதான். அப்போது எழுத்தில் விண்ணப்பியுங்கள். உறுப்பினராகச் சேர்க்கும்படி முறையாக விண்ணப்பித்து மூன்று மாதத்துக்குள் சொசைட்டி முடிவைத் தெரிவிக்கவில்லை என்றால், கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 22ஆவது பிரிவு நீங்கள் சேர்க்கப்பட்டுவிட்டதாகவே கருதுகிறது. இந்த மூன்று மாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? ஆவக் முத்திரையின் தேதியிலிருந்து. குங்கும விரலுக்கு நான் ஏன் அத்தனை மாலைகளைச் செலவழித்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

2014ஆம் ஆண்டு மாதிரித் துணைவிதிகளின்படி பாக்கிக்கு வட்டி 21 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது, அதுவும் தனிவட்டி. பாக்கிக்காகத் தண்ணீரை நிறுத்துவது கூடவே கூடாது. நிலுவையை வசூலிக்கச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. குழாயை மூடுவது அந்த வழியில் இல்லை.

வாகன நிறுத்தத்தைப் பற்றி எழுதினால் தனிப் புத்தகம் ஆகும். தூண்களுக்கு நடுவே உள்ள இடத்தைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொல்லிவிட்டது. இடம் போதாவிட்டால் ஆண்டுதோறும் குலுக்கல். குலுக்கல் நடக்காமல் கமிட்டிக்காரர்களின் கார்கள் மட்டும் நிழலில் நிற்கின்றனவா? ஒதுக்கீட்டுப் பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கு: வளர்ப்பு விலங்குகளைப் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டும் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு தப்பை மட்டும் செய்துவிடாதீர்கள். கோபத்தில் மெயின்டனன்ஸ் கட்டாமல் நிறுத்துவது. மூன்று மாத பாக்கி ஏறினால் நீங்கள் கடன் தவறியவர், கமிட்டிக்கு நிற்க முடியாது, பேச எழுந்தால் "முதலில் பாக்கியைக் கட்டு" என்பார்கள். சண்டையின் பொருளே மாறிவிடும். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கட்டிவிடுங்கள். தொண்டையில் சிக்கும்தான். கட்டுங்கள்.

பொதுக்கூட்டத்தில்

ஆண்டுப் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30க்குள் நடந்தாக வேண்டும். 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஞாயிறு காலை, பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி, வடா பாவும் தேநீரும். கணக்கை வாசிப்பார்கள், "எல்லோரும் சம்மதம்தானே?" என்பார்கள், கை தூக்கும் முன்பே அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். உங்கள் விஷயத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் "இதர விஷயங்கள்" என்று கடைசியில், எல்லோரும் எழுந்து நிற்கும் நேரத்தில் வரும். தனியாக நிற்க வேண்டாம். முந்தின வாரமே நான்கு வீட்டுக் கதவைத் தட்டுங்கள். செக்ரட்டரி மீது கோபமாக இருப்பவர்கள் எப்போதும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், பாதிப் பேர் உங்கள் மொழிக்காரர்களாக இருக்க மாட்டார்கள்.

நம் ஊர்ப் பழைய ஆட்கள் 1960களைப் பற்றிச் சொல்வார்கள். 1966இல் சிவசேனா தோன்றிய காலத்தில் தென்னிந்தியர் என்றாலே "லுங்கிக்காரர்கள்" என்று கடைகளும் ஆட்களும் குறிவைக்கப்பட்ட கதைகள் மாட்டுங்காவில் இன்னும் உண்டு. இன்று அந்த முனை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. 2023 செப்டம்பரில் முலுண்டில் ஒரு மராத்திப் பெண்ணுக்கே, மராத்திக்காரர்களுக்கு இல்லை என்று ஒரு சொசைட்டியில் அலுவலக இடம் மறுக்கப்பட்டது. காணொளி பரவிப் போலீஸ் வரை போனது. இந்த நகரத்தில் எல்லோரும் ஏதோ ஒரு கட்டடத்தின் வாசலில் வெளியாள்தான்.

துணைப் பதிவாளரிடம் போவது

இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லையென்றால் மூன்றாவது கடிதம் துணைப் பதிவாளருக்கு. அலுவலகம் மாநகராட்சி வார்டை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது: செம்பூர் என்றால் எம் மேற்கு, மாட்டுங்காவும் சயானும் எஃப் வடக்கு, முலுண்ட் டி (T) வார்டு. உறுப்பினர் உரிமை மறுப்பு, ஆவணங்களைக் காட்டாமை, பொதுக்கூட்டம் நடத்தாமை, தேர்தல் நடத்தாமை ஆகியவை அவர் கைக்குள் வருபவை. மேல்வீட்டுக் கசிவுக்கும் பக்கத்து வீட்டுச் சத்தத்துக்கும் அவரிடம் போய்ப் பயனில்லை. உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் சேர்ந்து கேட்டால் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 83ஆவது பிரிவின்படி விசாரணைக்கு உத்தரவிடலாம். 40 வீட்டுக் கட்டடம் என்றால் 8 கையெழுத்து. அது திரட்ட முடியாத எண்ணிக்கை அல்ல. வாடகைக்காரர் நேரடியாகப் போனால் "நீங்கள் உறுப்பினர் அல்ல" என்று திருப்பி அனுப்புவார்கள். வீட்டுக்காரரின் கையெழுத்தோடு போங்கள்.

தகவல் உரிமைச் சட்டம் சொசைட்டியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் துணைப் பதிவாளர் அலுவலகம் அரசு அலுவலகம். சொசைட்டி அங்கே தாக்கல் செய்த தணிக்கை அறிக்கையையும் துணைவிதிகளையும் அங்கே தகவல் உரிமை விண்ணப்பம் போட்டு வாங்கிவிடலாம். செக்ரட்டரி பூட்டிவைத்திருப்பதன் நகல் எப்போதும் எங்கோ ஒரு அரசு அலமாரியில் இருக்கிறது.

பண விவகாரமும் நிர்வாகத் தகராறும் 91ஆவது பிரிவின்படி கூட்டுறவு நீதிமன்றத்துக்குப் போகலாம். பல ஆண்டுகள் ஆகும். வக்கீலைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மிரட்டல், வழிமறிப்பு, அடிதடி என்றால் நேராகக் காவல் நிலையம். பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வசிப்பிடத்தை விட்டு வெளியேறச் செய்வதும் சமூகப் புறக்கணிப்புக்கு உள்ளாக்குவதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். "உங்கள் சாதி தமிழ்நாட்டுப் பட்டியலில்தானே இருக்கிறது, இங்கே செல்லாது" என்று சில காவல் நிலையங்களில் சொல்வார்கள். சொந்த மாநிலத்தை விட்டு வந்ததால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு போய்விடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் தீர்ப்பளித்திருக்கிறது. தீர்ப்பின் நகலோடு போங்கள்.

நாற்காலி நம் பக்கம் வரும்போது

இது வழிகாட்டியில் வர வேண்டிய பகுதிதானா என்று யோசித்தேன். வர வேண்டும். வாசலில் நிறுத்தப்பட்ட தமிழர், பத்து ஆண்டு கழித்துக் கமிட்டியில் உட்கார்ந்ததும் என்ன கேட்கிறார்? "எந்த ஊர்? அங்கே எந்தத் தெரு?" தெருவைக் கேட்பது எதற்கு என்று நமக்கெல்லாம் தெரியும். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் "நம்மவர்களுக்கு மட்டும்" என்று வாய்மொழியாக ஓடும் வீடுகளை நான் அறிவேன். அந்த "நம்மவர்" எல்லாத் தமிழரையும் சேர்த்துக்கொள்வதில்லை. வேலைக்கு வரும் அம்மாக்களைப் பின்பக்க மின்தூக்கிக்கு அனுப்பும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களிலும் நம் ஆட்கள் இருந்தார்கள்.

நான் பொருளாளராக இருந்தபோது நான்காவது மாடி வீட்டை ஒரு இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட உரிமையாளர் கடிதம் கொடுத்திருந்தார். கணவர் தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழர், வங்கியில் வேலை. மனைவி முஸ்லிம், மருத்துவமனையில் செவிலியர். கமிட்டிக் கூட்டத்தில் முதலில் இழுத்தவர் திருநெல்வேலிப் பக்கத்து மாமா ஒருவர். எனக்கு வேண்டப்பட்டவர், என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். "எதற்குத் தம்பி வம்பு? தாராவி ஆட்கள். அந்த வீட்டில் பெரிய ரிப்பேர் வேலை நடக்கப்போகிறது என்று சொல்லிவிடலாம்" என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

மினிட்ஸ் புத்தகம் என் மடியில் இருந்தது. பேனாவைத் திறந்து, "சரி மாமா, அப்படியே எழுதிவிடுகிறேன். தாராவி ஆட்கள் என்பதால் மறுக்கிறோம், காரணமாக ரிப்பேர் சொல்கிறோம் என்று. முன்மொழிந்தவர் என்று உங்கள் பெயரைப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டேன்.

சேர்மன் மின்விசிறியைப் பார்த்தார். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதையெல்லாம் எதற்கு எழுதுகிறாய்?" என்றார் கடைசியில். நான் பேனாவை மூடவில்லை. அடுத்த பொருளுக்குப் போனோம், தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வது.

அடுத்த மாதம் அவர்கள் குடிவந்தார்கள். சாமான் ஏற்றிய டெம்போ வாசலில் நிற்கும்போதே அந்தப் பெண் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் காவல் நிலையத் தகவல் கடிதம், இரண்டு படி. பெற்றுக்கொண்டு, "நல்லதம்மா, செக்ரட்டரியிடம் கொடுத்துவிடுகிறேன்" என்றேன். அவர் நகரவில்லை.

"மன்னிக்கவும் ஐயா, என் படியில் முத்திரையும் தேதியும் வேண்டும்" என்றார்.

செக்ரட்டரி ஊரில் இல்லை. முத்திரை எங்கே இருக்கிறது என்று அவர் வீட்டுக்கு ஓடிப்போய் விசாரித்தேன்.